கிட்னி வளர்க்கிறவள்

எங்கள் மலையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பாப்பா மெட்ராஸ்ல கிட்னி வளக்குது என்று. வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் முன் சீட்டில் இருப்பவர் திரும்பி, "இன்னா பாப்பா, கிட்னியெல்லாம் நல்லா வந்துக்கினு இருக்குதா?" என்று கேட்பார். மரவள்ளி எப்படி வந்திருக்கிறது என்று கேட்கிற அதே குரல்தான். முதலில் கொஞ்ச காலம் மறுத்துப் பார்த்தேன். நான் வளர்ப்பது கிட்னி இல்லை, இன்சுலின் சுரக்கிற கணையச் செல்கள், அதுவும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாக, ஒரு தட்டில் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, கிட்னி எப்ப வரும்?" என்றார்கள். இப்போதெல்லாம் "வருதுங்க, வருதுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். எனக்கும் வயதாகிறது. எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு வேலை. மலை மேல் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கள்ளக்குறிச்சியில் கல்லூரி முடித்து, அப்புறம் மேலே மேலே படித்து அங்கே போய்ச் சேர்ந்தேன். வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் செல்களுக்குச் சோறு போடுவது. ஒரு சிவப்புத் திரவத்தில் அவை மிதந்துகொண்டிருக்கும். அதைத் தினமும் எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, பொங்கல் தெரியாது, பெரியப்பா செத்ததும் தெரியாது. கறவை மாடு வைத்திருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் மட்டும் உடனே புரிந்துகொள்கிறார்கள். மற்றவர்கள், ஒரு நாள் பட்டினி கிடந்தால் என்ன ஆகிவிடும் என்பார்கள். செத்துவிடும். அவ்வளவுதான்.

சோறு போடுவதோடு போனால் பரவாயில்லை. நாங்கள் அந்தச் செல்களின் மரபணுவையும் திருத்துகிறோம். காரணம் எளிமையானது. ஆய்வுக் கூடத்தில் எவ்வளவு நல்ல செல்லை வளர்த்தாலும், இன்னொருவர் உடம்பில் கொண்டுபோய் வைத்தால் அந்த உடம்பு, இது நம்முடையது இல்லை என்று கண்டுபிடித்து அடித்துக் கொன்றுவிடும். ஒவ்வொரு செல்லின் மேலும் அடையாளப் புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் உடம்பின் காவல் செல்கள் ஆள் தெரிந்துகொள்கின்றன. அடையாளத்தைச் செய்கிற மரபணுவையே வெட்டி எடுத்துவிட்டால்? அந்தக் கேள்விக்குள் போனவள்தான். இன்னும் வெளியே வரவில்லை.

இதை அண்ணனுக்காக ஆரம்பித்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அண்ணன் ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் நடந்து போகிற ஆளாக இருந்தான். அவனுக்குக் கால் வீங்கியது அதற்கு அப்புறம். முதலில் கால், பிறகு முகம். கள்ளக்குறிச்சியில் பார்த்துவிட்டு, இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது, காரணம் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். சாராயம் குடிக்காத மனுஷன், சர்க்கரையும் கிடையாது. காரணம் தெரியாத வியாதி வந்தால் ஊர் ஆளுக்கொரு காரணம் கொண்டு வந்து கொடுக்கும். எங்கள் வீட்டுக்கு எக்கச்சக்கமாக வந்து சேர்ந்தது.

கிட்னியை அம்மா கொடுத்தாள். அவள்தான் கொடுப்பாள் என்பது யாரும் பேசி முடிவு செய்யாமலே முடிவானது. அண்ணி முன்வந்தாள், அவள் ரத்த வகை ஒத்துவரவில்லை. நான் முன்வந்தேன், அம்மா என்னை நிற்கவே விடவில்லை. "உனுக்கு இன்னும் கல்யாணமே ஆவல. நீ கம்முனு இரு" என்றாள். பரிசோதனையில் பாதி ஒத்துப்போனது. பெற்ற தாய்க்குப் பாதிதான் ஒத்துப்போகும், மீதி அப்பா வழி. அதைக் கேட்டு அம்மாவுக்கு லேசாக வருத்தம். "பாதிதானா?" என்று டாக்டரையே கேட்டாள். ஆள் செத்துப் பல வருஷமான பிறகும் அப்பா வந்து பங்கு கேட்கிற மாதிரி அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அம்மாவின் கிட்னி அண்ணன் வயிற்றில் வலது பக்கம் கீழே உட்கார்ந்து உடனே வேலை செய்ய ஆரம்பித்தது. மூத்திரப் பையில் மஞ்சளாக இறங்குவதைப் பார்த்து அண்ணி அழுதாள். அப்புறம்தான் மாத்திரைகள் ஆரம்பித்தன.

அந்த மாத்திரைகளைப் பற்றி ஊருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அம்மாவின் கிட்னியை அண்ணனின் உடம்பு அடித்துப் போடாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மட்டுப்படுத்தி வைக்கிற மாத்திரைகள். காலையிலும் மாலையிலும், ஒரே நேரத்தில், சாகும்வரை. அதனால் சளி பிடித்தால்கூடப் பயம். மாட்டுக் கொட்டகைக்குப் போகாதே, திருவிழாக் கூட்டத்துக்குப் போகாதே, காய்ச்சின தண்ணிதான் குடி. கை நடுங்கும். முகம் உப்பும். அவன் கை நடுக்கத்தில் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடிப்பான். பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவே பிடிக்காது.

மாதாந்திரப் பரிசோதனைக்குக் கீழே போகும்போது அண்ணி ஒரு வெள்ளைக் கேனில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எடுத்துப் போவாள். கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு மலைச் சாலைச் செக்போஸ்ட்டில் கேன் என்றாலே இறக்கிவிடுவார்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்து, சந்தேகம் தீராமல் இன்னொரு போலீஸ்காரரும் மோந்து பார்ப்பார். "சுடுதண்ணிங்க சார், ஆறிப்போன சுடுதண்ணி" என்று அண்ணி சொல்வாள். கடைசியில் அவள் அந்தத் தண்ணீரைத் தூக்கிக் கொட்டிவிடுவாள், வேறொருவர் மூக்கு பட்டதை எப்படி அவனுக்குக் கொடுப்பது என்று. கச்சிராயபாளையத்தில் பாட்டில் தண்ணீர் வாங்குவார்கள்.

ஒரு தடவை நான் ஊருக்குப் போயிருந்தபோது ஓர் ஆடு குட்டி போட்டுவிட்டுச் செத்துப் போனது. அதே வாரம் ஈன்ற இன்னோர் ஆட்டிடம் அந்தக் குட்டியைச் சேர்க்க அம்மா பாடுபட்டாள். அந்த ஆடு மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது. அம்மா அந்த ஆட்டின் பாலையே கொஞ்சம் பீய்ச்சிக் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவி, மறுபடி விட்டாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் கேட்டான்.

"எனுக்கும் அப்டி எதனா தடவ முடியாதா பாப்பா?"

"அதத்தான் எங்க லேப்ல செய்யப் பாக்குறோம்."

"நெசமாவா?"

"செல்லு மேல இருக்குற வாசனைய எடுத்துடறோம். உடம்பு மோந்து பாத்தாலும் ஒண்ணும் தெரியாது."

அவன் யோசித்தான். அவனுக்கு ஆடு தெரியும். "ஒரு வாசனையும் இல்லாத குட்டின்னா இன்னும் ஜாஸ்தி முட்டுமே. சோப்பு போட்டுக் கழுவின குட்டிய எந்த ஆடு சேக்கும்?"

உண்மைதான். எங்களுக்கும் அதேதான் நடந்தது. அடையாளப் புரதத்தை வெட்டி எடுத்த செல்களை ஒரு வகைக் காவல் செல்கள் விட்டுவிட்டன. இன்னொரு வகை, அடையாளமே இல்லாமல் திரிகிறவனை அடிப்பதற்கென்றே இருப்பது, ஓடி வந்து அடித்தது. இது உலகத்துக்கே தெரிந்த விஷயம், புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் தட்டிலும் அப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தே செய்தோம். ஆனாலும் காலையில் வந்து தட்டைத் திறந்து, நான் சோறு போட்டு வளர்த்தவை எல்லாம் கிழிந்து கிடப்பதைப் பார்த்தபோது ஆத்திரமாகத்தான் இருந்தது.

"அதனால எடுத்துட்டு, அப்புறம் வேற ஒண்ண ஒட்ட வைக்கிறோம்" என்று அண்ணனிடம் சொன்னேன். என்ன ஒட்ட வைக்கிறோம் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் வேறொன்று கேட்டான்.

"ரெண்டு மூணு நாள்ல ஆடு சேத்துக்கும். அதுக்கப்பறம் பால் தடவ வேணாம். எனுக்கும் அந்த மாதிரி ஒரு நாள் சேந்துக்காதா? அம்மாதானே?"

"ஆடு மறந்துடும்ணா. உடம்பு மறக்காது."

அவன் நடுங்குகிற கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். அந்தப் பக்கம் ஆடு குட்டியைப் பால் குடிக்க விட்டது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இன்னா பேசிக்கினு இருக்கீங்க என்றாள். ஒண்ணுமில்ல என்றோம்.

வெளிநாட்டில் ஒருவருக்கு இப்படித் திருத்திய கணையச் செல்களைக் கையில் ஊசியால் வைத்து, மாத்திரை எதுவும் இல்லாமலே அவை பிழைத்திருக்கின்றன என்று செய்தி வந்தபோது எங்கள் கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேடம் அன்றைக்கு எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது கணையம். ஊசியில் அடங்குகிற சில செல்கள். கிட்னி என்பது அப்படி ஊசியில் அடங்குகிற சமாச்சாரமில்லை, அதை முழுதாக வளர்க்க இன்னும் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஓர் உயிருக்குத் தேவை கிட்னிதான். அது வராது, வந்தாலும் நேரத்துக்கு வராது. எங்கள் செல்களிலும் சில, நாங்கள் ஒட்டவைத்ததைக் கொஞ்ச நாளில் தாமாகவே மூடிவைத்துவிட்டன. ஏன் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். பாதி உற்சாகம், பாதி செத்ததைத் துடைத்துப் போடுவது என்றுதான் எங்கள் வேலை போகிறது.

ஒரு மழைக் காலத்தில் அண்ணி போன் செய்தாள். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அளவு ஏறியிருக்கிறது, மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள் என்றாள். மறுபடி எடுத்தார்கள். இன்னும் ஏறியிருந்தது. உளுந்தூர்பேட்டையில் பைபாஸில் இறங்கி, எலவனாசூர்கோட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து வெள்ளிமலை பஸ் பிடித்து நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் நன்றாகத்தான் இருந்தான். சொல்லப்போனால் பார்வைக்கு முன்னைவிட நன்றாக இருந்தான். கை நடுக்கம்கூடக் கம்மி.

"மாத்திரைய நிறுத்திட்டியா?"

"சேச்சே. மணி அடிச்ச மாதிரி போட்டுக்கினுதான் இருக்கேன். இவளக் கேளு."

அண்ணி மாத்திரை அட்டைகளை எடுத்து வந்து காட்டினாள். எல்லாம் சரியாகக் காலியாகியிருந்தன. பிறகு அடுப்படிக்குப் போய் அவனுக்கு ஒரு டம்ளரில் எதையோ ஊற்றி எடுத்து வந்தாள். பச்சையும் பழுப்புமாக. கசப்பு வாசனை வாசல்வரைக்கும் வந்தது.

"இது இன்னா அண்ணி?"

"சீந்தில். கொடிய இடிச்சுக் கொதிக்க வச்சது. உடம்புக்கு நல்லது."

சீந்தில் கொடி எங்கள் மலையில் வேலிக்கு வேலி ஏறிக் கிடக்கிறது. அதை யாரும் பெரிதாக மதித்ததில்லை. கொரோனா வந்தபோதுதான் கீழேயிருந்து வேன் போட்டுக்கொண்டு வந்து கட்டுக் கட்டாக வாங்கிப் போனார்கள். எதிர்ப்புச் சக்தி, எதிர்ப்புச் சக்தி என்று டிவியில் சொன்னார்கள், பள்ளிக்கூடச் சுவரில் எழுதினார்கள், ரேஷன் கடையில் பேசினார்கள். சந்தையில் சீந்தில் பொடி விற்கிறவரே எங்கள் உறவுக்காரர்தான். உடம்பு சரியில்லாத ஒருவருக்கு எதிர்ப்புச் சக்தியை ஏற்றுவது தப்பு என்று இந்தப் பூமியில் அண்ணிக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான் சொன்னேன், டாக்டர் சொன்னார். நாங்கள் இரண்டு பேர். அந்தப் பக்கம் மொத்த நாடும் நிற்கிறது.

"யார் குடுக்கச் சொன்னது இத?" என்று கத்தினேன்.

"யாரும் சொல்லல. பத்தடி நடந்தா மூச்சு வாங்குது, சளி புடிச்சா ஒரு மாசம் போவ மாட்டேங்குது. கொஞ்சம் எதிர்ப்பு சக்தி ஏறட்டும்னுதான் குடுத்தேன்."

"அது ஏறக் கூடாதுன்னுதான் இத்தன மாத்திரையும்! அது ஏறினா எதப் போயி அடிக்கும்? அம்மா கிட்னியத்தான் அடிக்கும்!"

அண்ணிக்கு முகம் வெளுத்துப் போனது. டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு அவளுக்கும் கோபம் வந்தது. "நீ மெட்ராஸ்ல உக்காந்துக்கினு போன்ல சொல்லுவ. இங்க வந்து ஒரு வாரம் அவரப் பாரு. ராவெல்லாம் இருமுறத நீயா கேக்குற?" என்றாள். அண்ணன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "உட்டுத் தள்ளுங்க. அது கசப்பு, எனுக்கே புடிக்கல" என்றான். சமாதானம் செய்வதாக நினைப்பு.

சீந்தில் இப்படி அடக்கி வைத்ததைக் கிளப்பிவிடக்கூடும் என்பது எங்கள் துறையில் பேசப்படுகிற விஷயம்தான். சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கிட்னியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு கிட்னியைத் தாக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் நல்ல மனிதர். "இந்தக் கஷாயம்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்மா. தானாவும் வரும். ஆனா இது நிச்சயமா உதவி பண்ணல" என்றார். அண்ணி அவர் சொன்னதில் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஸ்டெராய்டு ஊசி போட்டார்கள். வேறு மருந்து ஏற்றினார்கள். கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. கடைசியில் டயாலிசிஸ் என்றார்கள்.

நான் வேலை செய்கிற இடத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. காலையில் செல்களுக்குச் சோறு மாற்றிவிட்டு அண்ணனைப் பார்க்கப் போவேன். ஒரு மனிதனின் உடம்பு இன்னொரு மனிதனின் சதையை அடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். அங்கே கட்டிலில் படுத்திருப்பவனுக்குக் கஞ்சி ஊட்டுவதைத் தவிர என்னால் ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லி யாரிடம் அழ? செல்களிடம்தான் அழ வேண்டும். அவற்றுக்குக் காது இல்லை.

மலைக்குச் செய்தி வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. அம்மா கிட்னிய பையன் உடம்பு ஏத்துக்கல என்று. ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் ஏதோ மனஸ்தாபம் இருக்க வேண்டுமே என்று உறவுகள் யோசித்தன. சொத்துத் தகராறா, மாமியார் மருமகள் சண்டையா? அண்ணன் ஊர் திரும்பியதும் பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, தாயையும் பிள்ளையையும் ஒரே இலையில் உட்கார வைத்துச் சாமைச் சோறு சாப்பிட வைத்தார்கள். அப்படிச் செய்தால் மனசு சேரும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பங்காளிச் சண்டைக்குச் செய்வது. அம்மா மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்தாள். அண்ணனுக்கு உப்பு கூடாது, அதனால் உப்பில்லாமல் சமைத்தார்கள். அம்மாவும் அந்த உப்பில்லாததைச் சாப்பிட்டாள். நான் போனில் கேட்டபோது, "ஆமா, சாப்ட்டோம். ஒண்ணும் ருசியில்ல" என்றாள்.

ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் போய்த் தங்கிவிட்டது. வெளியே காட்டவில்லை. இப்போது வாரத்தில் சில நாள் அண்ணியும் அண்ணனும் விடியலில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறார்கள். நான் போன மாதம் போனபோது அப்படி ஒரு நாள். வீட்டில் அம்மாவும் நானும்தான். அவள் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். தோலை உரித்தபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"பாப்பா, ஒண்ணு கேக்குறேன், படிச்ச மாதிரி சொல்லு. பத்து மாசம் அவன் எனுக்குள்ள கெடந்தான். என் உடம்பு அவன வெளிய தள்ளல. இப்ப என்னுது ஒரு கைப்பிடி அவனுக்குள்ள இருக்குது. அவன் உடம்பு மட்டும் ஏன் என்னத் தள்ளுது?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். அம்மா என் படிப்பை நம்பி ஒன்று கேட்டது அன்றைக்குத்தான். இவ்வளவு நாளும் மகனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இவள் கிழங்கு உரித்திருக்கிறாள்.

"உன் உடம்பும் அவனத் தள்ளத்தாம்மா பாத்திருக்கும். அவன் உனுக்குப் பாதி அன்னியந்தானே. அப்பா பாதி இருக்குதில்ல."

"தள்ளலியே."

"அவன் தள்ள உடல. அதுக்கு நெறைய காரணம் இருக்குது. அதுல ஒண்ணு, அவன் ஒரு பொருள் வச்சிருந்தான். நஞ்சுக்கொடியில இருக்கும். உன் உடம்பு அடிக்க வரும்போதெல்லாம் அத எடுத்துக் காட்டுவான். நானு உன் ஆளுதான், என்ன அடிக்காத, அப்டின்னு சொல்ற மாதிரி."

அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"நாங்க லேப்ல செல்லு மேல ஒட்ட வைக்கிறோம்னு சொல்றேனே, அது அதுதான்மா. புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி நஞ்சுக்கொடி வச்சிருக்குதே, அதோட மரபணுவ எடுத்துத்தான் வைக்கிறோம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்போ பத்து மாசமும் அவன்தான் என்ன சமாதானம் பண்ணி வச்சிருந்தானா?"

"ஆமா."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. ஒரே இலைச் சோற்றில் வராதது அப்போது வந்தது. நான் இந்த வேலைக்குச் சேர்ந்து செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

"இப்ப அது அவங்கிட்ட இல்லியா?"

"இல்லம்மா. நஞ்சுக்கொடியோட போயிடிச்சு."

அம்மா வீட்டுக்குப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே பலா மரம் நிற்கிறது, அதன் பக்கத்தில் இரண்டு கற்கள். அண்ணனும் நானும் வீட்டிலேயே பிறந்தவர்கள். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியை நாய் கிளறாத ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு கல்லை வைப்பது வழக்கம். ஒரு கல் அவனுடையது, ஒரு கல் என்னுடையது. சின்ன வயதில் அதன் மேல் ஏறி நின்று பலாப்பழம் எட்டுகிறதா என்று பார்ப்போம்.

"உங்க அப்பாதான் குழி தோண்டுச்சு. நாய் தோண்டிடப் போவுதுன்னு இன்னும் ஆழமா போ, ஆழமா போன்னு நான்தான் உள்ளேர்ந்து சொல்லிக்கினே இருந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பவே யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா அதுல கொஞ்சம் எடுத்து வச்சிருப்பேனே பாப்பா."

அப்படியெல்லாம் எடுத்து வைக்க முடியாது, வைத்திருந்தாலும் பயன்பட்டிருக்காது, அப்போது இதெல்லாம் யாருக்கும் தெரியாது என்று எனக்குச் சொல்லத் தெரியும். சொல்லவில்லை. அவள் கூடையில் இருந்த கிழங்கை மறுபடி எடுத்தாள். கத்தி தோலில் இறங்கவில்லை, கையில் அப்படியே வைத்துக்கொண்டு இருந்தாள்.

சாயங்காலப் பஸ் வந்து நின்றது. அண்ணி முன்னால் வந்தாள், அண்ணன் பின்னால், வேலியைப் பிடித்துப் பிடித்து. டயாலிசிஸ் நாளில் அவன் முகம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருக்கும். அம்மா எழுந்து இரண்டு எட்டு முன்னால் போனாள்.

"டேய், நீ பொறக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட..." என்று ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா?" என்றான் அவன். நிற்கவே அவனுக்குத் தெம்பில்லை.

அம்மா அவன் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள்.

"ஒண்ணுமில்லடா. போய்ப் படு."